மூலை வரைக்கும் ராத்திரி

ஒப்பாரிச் சத்தம் கேட்டபோது சௌந்திரம் ஒரு கோழிக்குக் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

நிஜக் கோழி இல்லை. கிழித்துப் போட்ட காலண்டர் தாளின் முதுகில் பென்சிலால் போட்ட கோழி. தலையில் போலீஸ் தொப்பி, இடுப்பில் பெல்ட், ஒரு காலில் பூட்ஸ். இன்னொரு பூட்ஸையும் காலில் போட்டுவிடுவதா, இல்லை அலகில் கவ்வ விடுவதா என்பதுதான் அந்த நிமிஷத்தில் அவளுக்கு இருந்த ஒரே கவலை.

அவள் புருஷன் அங்கமுத்துவுக்கு மேட்டூர் அணை பவர் ஹவுஸில் ஷிப்ட் வேலை. குவார்ட்டர்ஸில் இரண்டு பேருக்குச் சமைத்து முடித்தால் மிச்சப் பொழுதெல்லாம் சௌந்திரத்துக்குப் படம்தான். யாரும் கேட்டு வரைவதில்லை, யாருக்கும் விற்பதில்லை. இல்லாத தீப்பெட்டிக் கம்பெனிக்கு லேபிள் போடுவாள். பட்டுச்சேலைக்கு முந்தானை போடுவாள். அதில் மீன்கள் வரிசையாக உட்கார்ந்து பீடி குடிக்கும். இளம்பிள்ளைத் தறிக்காரர் யாராவது பார்த்தால் தறியை விட்டு எழுந்து ஓடுவார். வரையும்போது அவளுக்கே சிரிப்பு வரும். அந்தச் சிரிப்புக்காகத்தான் இத்தனையும்.

ஒப்பாரி நெருங்கியது. எந்த வீட்டிலோ பாவம் என்று நினைத்துக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகியபடி வாசலுக்கு வந்தாள்.

லாரி ஒன்று அவள் வீட்டு வாசலில்தான் நின்றது. மேலே வெங்காய மூட்டைகள். மூட்டைகளின் மேல் தலைவிரி கோலமாய்ப் பெண்கள். பின்பலகையைப் பிடித்து முதலில் இறங்கியவள் மார்பில் அறைந்துகொண்டே திரும்பினாள்.

அவள் அம்மா பொன்னாயி.

மோகனூர்ப் பக்கத்துக் கிராமத்தில் இருக்க வேண்டிய அம்மா. அம்மாவுக்குப் பின்னால் அண்ணி ராமாயி. டிரைவர் கதவைத் திறந்து இறங்கியவன் அண்ணன் கருப்பண்ணன்.

பொன்னாயி தலை நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். ஒப்பாரி பாதி வரியில் அறுந்தது.

"என்னம்மா ஆச்சு? யாருக்கு என்ன?"

அம்மா ஓடிவந்து இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்தாள். கன்னத்தைத் தடவினாள், தோளை அமுக்கினாள், விரல்களை ஒவ்வொன்றாக நீவினாள். சந்தையில் மாடு வாங்க வந்தவர் மாதிரி மகளை மேலிருந்து கீழ்வரை தொட்டுப் பார்த்தாள்.

"நீ இருக்கறயா சாமி. எஞ்சாமி, நீ இருக்கறே."

"நான் இல்லாம எங்க போறேன்?"

அம்மாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வந்த வேகத்தில் போயும் போயிற்று. அவள் கண் மகளின் நெற்றிப் பொட்டில் நின்றது. அங்கிருந்து கழுத்துத் தாலிக்கு இறங்கியது. பிறகு மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தாள். கருப்பண்ணனும் அதே பொட்டையும் அதே தாலியையும் பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டான்.

அழுகை மொத்தமாக நின்றுபோயிருந்தது. அழுகையே தேவலை என்றிருந்தது சௌந்திரத்துக்கு.

"அம்மிணி, மாப்ள எங்கே?"

"நைட் ஷிப்டுங்கண்ணா. இன்னும் வரலே."

"காலையில ஆறு மணிக்கே உடுவாங்களே."

"ஆமாங்க. சில நாளைக்கு நேரமாகும்."

"நேரமாகும்," என்று அவன் அதையே திருப்பிச் சொன்னான். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "இரு. நான் போயிப் பாத்துட்டு வாரேன்." அவள் வேறு எதுவும் கேட்பதற்குள் பவர் ஹவுஸ் ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டான்.

அம்மா அவளை உள்ளே இழுத்துப்போய்ச் சுவரோரம் உட்காரவைத்து, கையை விடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "தண்ணி குடி சாமி. எதாச்சும் சாப்டயா? ஒரு வாய் சாப்புடு." இதையே மாற்றி மாற்றிச் சொன்னாள். ராமாயி மட்டும் ஒரு துணி மூட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நகர்ந்து சமையலறைக்குப் போகப் பார்த்தாள். கதவு நிலையில் மூட்டை மாட்டி முடிச்சு அவிழ்ந்தது. உள்ளே இருந்தது சரிந்து தரையில் விழுந்தது.

மடிப்புக் கலையாத புதுச்சீலை. கடைக் கஞ்சி கூடப் போகவில்லை.

கோடி.

பொறந்த வீட்டுச் சனம் ஒப்பாரி வைத்துக்கொண்டு, தண்ணீர் படாத புதுச்சீலையோடு மகள் வீட்டு வாசலில் இறங்குவது சாவுக்குத்தான். மகள் செத்திருந்தால் அவள் மேல் போர்த்த. மகள் உயிரோடு இருந்தால், தாலி இறங்கும் நாளில் அவளுக்கு உடுத்த.

சௌந்திரம் உயிரோடு இருந்தாள்.

"அம்மா, அவியளுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல சாமி."

"எனக்குத் தெரியாம உங்களுக்குத் தாக்கல் சொல்லியுட்டாங்களா?"

பொன்னாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் செல்வமேரி ஜெபமாலையும் கையுமாக உள்ளே வந்தாள். சேலத்துக்காரி, அவள் புருஷனுக்கு அணை ஆபீஸில் ஸ்டோர் வேலை. வந்தவள் சீலையைப் பார்த்தாள், பொன்னாயியைப் பார்த்தாள், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சூசையப்பரே. அப்ப நான் நெனச்சது சரிதான்."

"என்னக்கா நெனச்சீங்க?"

"விடிகாலையில பவர் ஹவுஸ் சங்கு ரெண்டு தடவை ஊதுன மாதிரி இருந்துச்சு. அதுக்கப்புறம் இன்ஜினீயர் ஜீப்பு பறந்துச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பேசாம இருந்துட்டேன்."

சௌந்திரம் எழுந்தாள். அம்மா கையை இறுக்கினாள். சௌந்திரம் உதறிவிட்டு ஓடினாள்.

செருப்பில்லாத காலில் தார் சுட்டது உறைக்கவில்லை. அவள் மனசு அவளைக் கேட்காமலே படம் போட ஆரம்பித்திருந்தது. இரும்புப் படிக்கட்டு. அடியில் குப்புறக் கிடக்கிற ஒரு உருவம். ஒரு கால் மடங்கி, ஒரு கை நீண்டு. அழித்தாள்; இன்னொன்று வந்தது. கம்பியில் தொங்குகிற உருவம். அதையும் அழித்தாள். ஒரு பூட்ஸுக்காகக் காலையெல்லாம் யோசித்தவளுக்கு இப்போது கோடுகள் யோசிக்காமலே வந்து விழுந்தன. ஒவ்வொன்றும் அச்சாக அங்கமுத்துவாக இருந்தது.

பவர் ஹவுஸ் கேட்டில் வாட்ச்மேன் சவரியார் இருந்தார். அவருக்கு எதிரில், நடுரோட்டில், அண்ணன் குத்த வைத்து உட்கார்ந்திருந்தான்.

"அங்கமுத்துவாம்மா? அவர் காலையிலயே ஷிப்ட் முடிச்சுப் போயிட்டாரே," என்றார் சவரியார். "இப்பத்தான் இவர்கிட்டயும் சொன்னேன்."

"ஊட்டுக்கு வரலீங்களே."

"சைக்கிள்ல தண்ணிப் பக்கமாப் போனாரு. நான் பாத்தேன்."

"அப்ப தண்ணியிலதான்," என்றான் கருப்பண்ணன் தரையைப் பார்த்து. சொன்ன பிறகுதான் தங்கை கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பது அவனுக்கு உறைத்தது.

சௌந்திரம் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"என்ன தண்ணியிலே? உங்களுக்கு யாருங்கண்ணா சொன்னது?"

"கடுதாசி வந்துச்சு அம்மிணி. மேட்டூர்ல இருந்துன்னு தபால்காரர் சொன்னாராம். கருப்பு வெச்சு."

கருப்பு வைத்த கடுதாசி என்றால் அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சாவுச் செய்தி எழுதுகிறவர்கள் கார்டின் மூலையில் கருமை தடவித்தான் தபாலில் போடுவார்கள். கையில் வாங்கும்போதே தெரிந்துவிடும். அதை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். வாசலிலேயே படித்து வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள்.

"யாரு எழுதியிருந்தா?"

"தெரியலே."

"யாரு போயிட்டதா எழுதியிருந்துச்சு?"

"அதுவும் தெரியலே அம்மிணி. நான் லாரியோட போயிருந்தேன். அம்மா நேத்து வாங்கி, படிக்கவெக்காமயே கிழிச்சுப் போட்டிருச்சு. உனக்குத்தான் என்னமோன்னு, வந்த லோடை எறக்காமயே ஓட்டியாந்தேன். நீ இருக்கறே. அப்ப…"

சௌந்திரத்தின் கை சட்டையிலிருந்து நழுவியது. அணைக்கட்டின் சுவர் வெயிலில் சாய்ந்து சாய்ந்து வருவதுபோல் இருந்தது. விழக்கூடாது, விழுந்தால் நிஜமாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் சைக்கிள் மணி அடித்தது.

யாரோ வழி கேட்கிறார்கள் என்று ஒதுங்கினாள். மணி நின்றது.

"ஏம்புள்ள, இங்க என்ன பண்றே?"

அங்கமுத்து. முழுசாக. ஹேண்டில்பாரில் ஓலையில் கோத்த கெண்டை மீன் ஒன்று தொங்கிற்று. பரிசல்காரர்கள் கரைக்கு வருகிறவரை காத்திருந்து வாங்கி வந்திருக்கிறான்.

அவன் மனைவியின் வெறுங்காலைப் பார்த்தான். நடுரோட்டில் உட்கார்ந்திருக்கும் மச்சானைப் பார்த்தான்.

"யாரு? அத்தையா?" என்றான்.

கருப்பண்ணன் எழுந்து நடந்து போய், சைக்கிளோடும் மீனோடும் சேர்த்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். அங்கமுத்துவும், யாருக்கென்று தெரியாமலே, அழ ஆரம்பித்தான்.

"ஏப்பா," என்றார் சவரியார், "யாரு செத்தாங்கன்னு எனக்காவது சொல்லுங்க."

வீட்டு வாசலில் அவனைப் பார்த்ததும் பொன்னாயி வரவேற்கவில்லை. ராமாயியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"காலு தரையில படுதான்னு பாரு ராமாயி."

"படுதுங்க அத்தை."

"நெழலு விழுகுதா?"

"விழுகுதுங்க. மீனுக்குக்கூட விழுகுது."

அப்புறம்தான் அவள் மருமகனின் கையைத் தொட்டாள். தொட்டதும் அதுவரை ஓய்ந்திருந்த அழுகை மறுபடி கிளம்பிற்று. அதைச் செல்வமேரி தண்ணீர் கொடுத்து அடக்க வேண்டியிருந்தது.

"யாரோ வேணும்னே பண்ணியிருக்கான்," என்றான் அங்கமுத்து. "கருப்புத் தடவிப் போட்டவன் யாருன்னு கண்டுபிடிச்சு, அவன் கையை முறிக்கோணும்."

"மூலையில எவ்வளவு கருப்புங்கத்தை இருந்துச்சு?" ராமாயி கேட்டாள்.

"ஒரு மூலையா? நாலு மூலையும் கருப்பு. கார்டு பூராக் கருப்பு. அப்படி ஒரு கடுதாசியை நான் சென்மத்துல பாத்ததில்லே. ஊடே பூண்டத்துப் போச்சாட்டத்துக்கு, ஒருத்தரும் மிச்சமில்லேன்னு நெனச்சேன்."

சௌந்திரம் காதில் இன்னும் செருகியிருந்த பென்சிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. கடுதாசி எழுதினால் அண்ணன் லாரியை விட்டு வீடு வரும்வரை அது மாடத்திலேயே கிடக்கும். அதனால் சௌந்திரம் எழுதுவதை விட்டுவிட்டுக் கார்டில் படம் போட்டு அனுப்புவாள். சந்தை, கோழி, மீன் மாதிரி வாலாட்டிக்கொண்டு போகிற பஸ். அம்மா தெருவெல்லாம் காட்டுவாள். எல்லாம் பென்சில் படம். சுற்றிலும் ஓரம் விட்ட படம். போன வாரம்தான் ஆபீஸில் பிளான் வரைகிறவர் மிச்சம் வைத்த கருப்பு மையை அங்கமுத்து கொண்டுவந்து கொடுத்தான். என்ன கருப்பு. அந்த மையைப் பார்த்ததும் அவளுக்கு ராத்திரி வரையவேண்டும் என்று தோன்றிவிட்டது. ராத்திரிக்கு ஏது ஓரம்? வானத்தை மூலை வரைக்கும் இழுத்து நிரப்பினாள். அவள் போட்டதிலேயே அதுதான் நல்ல படம்.

"அம்மா," என்றாள். "அது சாவுக் கடுதாசி இல்லீங்கம்மா. ராத்திரி."

"என்னது?"

"ராத்திரி. நான் வரைஞ்சது. அணைக்கட்டு, ராத்திரியில."

மூட்டையிலிருந்து விழுந்த கோடிச்சீலை இன்னும் நிலைப்படியிலேயே கிடந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"ராத்திரியை எதுக்குடி கடுதாசில அனுப்பறே?" என்றாள் பொன்னாயி கடைசியில். "எங்களுக்கு அங்க ராத்திரி இல்லியா?"

"நடுவுல வெளக்கு இருந்துச்சேம்மா. பாக்கலீங்களா?"

"மூலையில கருப்பைப் பாத்தவ நடுவை எதுக்குப் பாக்கறா? வாசப்படி தாண்டலே. நின்ன எடத்துல கிழிச்சு வாய்க்கால்ல உட்டுட்டேன்."

"படிச்சுட்டுக் கிழிக்கோணும்மா," என்றான் கருப்பண்ணன். "நான் வார வரைக்குமாச்சும் வெச்சிருந்திருக்கலாம்."

"செத்த கடுதாசியை வெச்சுக்கிட்டு ஊட்டுல படுக்கச் சொல்றயா? நீ படுப்பயா?"

"அப்ப அந்த ரெண்டாவது சங்கு?" என்று ராமாயி செல்வமேரியைக் கேட்டாள்.

"ரெண்டாவதா?" செல்வமேரி ஜெபமாலையை உருட்டினாள். "அது எங்க ஊட்டுக்காரர் மூக்கு சிந்துனதாக்கூட இருக்கலாம்."

முதலில் ராமாயிதான் சிரித்தாள். பிறகு அண்ணன். பொன்னாயி மகளின் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு அவளும் சிரித்தாள். அங்கமுத்து மட்டும் சிரிக்கவில்லை.

"சௌந்திரம். ஒண்ணுதான போட்டே?"

அவள் அவனைப் பார்த்தாள்.

"ரெண்டுங்க."

"இன்னொண்ணு?"

"ஆத்தூருக்கு. நங்கையாளுக்கு."

நங்கையாள் என்றால் அங்கமுத்துவின் அக்கா அத்தாயி. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். ஆத்தூரில் ஜவ்வரிசி மில்காரருக்கு வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுக்கும் எழுத்துத் தெரியாது. படம் நன்றாக வந்துவிட்ட சந்தோஷத்தில், அதே மாதிரி இன்னொன்று போட்டு, அதே நாள், அதே பெட்டியில் போட்டிருந்தாள் சௌந்திரம்.

"தந்தி குடுத்தரலாம்," என்றான் கருப்பண்ணன்.

"குடு," என்றாள் பொன்னாயி. "கருப்புக் கடுதாசிக்கு மேல தந்திக்காரனும் வாசல்ல போயி நின்னா, அவ பிரிச்சுப் பாக்கறவரைக்கும் இருப்பாளா?"

அதுவும் சரி. தந்தி எதற்கு வரும் என்பது அத்தாயிக்கும் தெரியும். ஆள் நேரில் போய் முகத்தைக் காட்டினால்தான் உண்டு. அங்கமுத்து மறுபேச்சில்லாமல் சட்டையை மாட்டினான். "நானும் வாரேனுங்க," என்றாள் சௌந்திரம். வெங்காய லாரியிலேயே எல்லாரும் ஏறினார்கள்.

பஸ் ஸ்டாண்டைத் தாண்டவில்லை. சேலத்து பஸ் அப்போதுதான் உள்ளே திரும்பிக்கொண்டிருந்தது. அதன் ஜன்னலில் ஒரு முகத்தைப் பார்த்து, ஓடுகிற லாரியிலிருந்து அங்கமுத்து குதித்தான்.

அத்தாயி தனியாக வந்திருந்தாள். ஒப்பாரி இல்லை, தலை அவிழ்க்கவில்லை. கட்டுக்கோப்பாய்க் கொண்டை போட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு இறங்க வந்தவள், எதிரில் தம்பியைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"எறங்கும்மா, பின்னால ஆளு நிக்குது," என்றார் கண்டக்டர்.

"இருய்யா."

வெகுநேரம் பார்த்தாள். பிறகு இறங்கி வந்து உள்ளங்கையைத் தம்பியின் மார்பில் வைத்தாள். அடிக்கிறதா என்று பார்க்கிறவள்போல அப்படியே வைத்திருந்தாள். எடுத்தாள். எடுத்த கையாலேயே பளாரென்று கன்னத்தில் ஒன்று விட்டாள்.

"இருக்கறவன் எதுக்குடா கருப்பு வெச்சுக் கடுதாசி போட்டே?"

"அவிய இல்லீங்க நங்கையா." சௌந்திரம் முன்னால் வந்தாள். அவளும் ஒரு அறைக்குத் தயாராகத்தான் வந்தாள். "நான்தானுங்க. சாவுக்குப் போட்டது இல்லீங்க. படம். வெளையாட்டுக்கு வரைஞ்சேன்."

அத்தாயி அவளை அடிக்கவில்லை. புரியாதவள்போல ஒரு கணம் பார்த்தாள். பிறகு இடுப்புச் சேலையின் மடிப்பைப் பிரித்து ஒரு கார்டை எடுத்தாள்.

கிழியவில்லை. மடங்கக்கூட இல்லை.

"கிழின்னாரு உங்கண்ணன்," என்றாள். மில்காரரைச் சொன்னாள். "குடு, படிச்சுச் சொல்றேன்னாரு கணக்குப்பிள்ளை. நான் குடுக்கலே. நானும் பாக்கலே. படிச்சா இவன் செத்துருவான். கிழிச்சாலும் செத்துருவான். படிக்காத வரைக்கும் இருக்கான்னு சொருகிக்கிட்டு பஸ் ஏறிட்டேன்." மூச்சு வாங்கினாள். "இப்பச் சொல்லு. இதுல என்னதான் இருக்குது?"

சௌந்திரம் கார்டை வாங்கி விரலால் தொட்டுக் காட்டினாள். லாரியிலிருந்து அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வது தெரிந்தது.

"இது அணைச் சொவருங்க. இது தண்ணி. மேல வரிசையா இருக்கறது வெளக்குங்க. வெளக்கு வரையலே, அந்த எடத்துல மை படாம உட்டேன்."

"இந்தப் புள்ளி? தனியா, கீழே?"

"பவர் ஹவுஸ் ஜன்னலுங்க. நைட் ஷிப்டுன்னா அவிய அங்கதான் உக்காந்திருப்பாங்க. எங்க ஊட்டுல இருந்து பாத்தாத் தெரியும்."

அங்கமுத்துவும் குனிந்து பார்த்தான். அவனுக்கும் அது புதுச் செய்தி. கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

அத்தாயி கார்டை வாங்கி, அந்த வெள்ளைப் புள்ளியை நகத்தால் மெல்லச் சுரண்டினாள். எதுவும் உரிந்து வரவில்லை. கட்டைவிரலை அதன் மேல் வைத்து மறைத்தாள். எடுத்தாள். மறுபடி மறைத்தாள், மறுபடி எடுத்தாள். தம்பியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இவ்வளவுதானாடா நீ," என்றாள். அதற்கப்புறம்தான், சேலத்து பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எட்டிப் பார்க்க, அவள் வாய்விட்டு அழுதாள்.